ஓட்டு வளையமும் ஆமையின் வயதும்

மாட்டுச் சந்தையில் விற்பவரிடம் யாரும் வயது கேட்பதில்லை. வாயைத் திறந்து பார்த்து, இரண்டு பல், நான்கு பல், ஆறு பல், கடைப்பல் சேர்ந்தது என்று அவரவரே கணக்கை முடித்துக்கொள்வார்கள். குதிரைக்கும் நாய்க்கும்கூடப் பல்லே சாட்சி. ஆமைக்குப் பல் இல்லை. கொம்புப் பொருளாலான அலகு மட்டும்தான். தேயத் தேய வளரும் அந்த அலகு வயதைக் காட்டாது. ஆகவே ஆமை வளர்ப்பவர் "இதுக்கு என்ன வயசு இருக்கும் டாக்டர்?" என்று கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வருகிறது: முதுகு ஓட்டில் உள்ள வளையங்களை எண்ணிப் பாருங்கள், ஆண்டுக்கு ஒன்று. வெட்டிய மரத்தில் வளையம் எண்ணுவதை ஒத்த இந்த யோசனை எளிமையானது. அந்த எளிமையாலேயே எங்கும் பரவிவிட்டது. இதில் உண்மை கொஞ்சம் உண்டு. எந்த ஆமை, எந்த ஊர், காட்டில் வளர்ந்ததா வீட்டில் வளர்ந்ததா, எந்த வயது வரை என்ற கேள்விகளைக் கேட்காமல் எண்ணினால், அந்தக் கொஞ்சமும் போய்விடும்.

கடந்த ஐம்பது ஆண்டுகளில் இந்தக் கேள்வியை உயிரியலாளர்கள் பல வழிகளில் அணுகியிருக்கிறார்கள். ஓட்டின் வளையம், எலும்பின் கோடு, அணுகுண்டுச் சோதனைகள் காற்றில் விட்டுப்போன கார்பன், இரத்தத்திலுள்ள டி.என்.ஏ. வரை தேடியாகிவிட்டது. அவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது இது: இளம் ஆமையைத் தவிர மற்றவற்றுக்கு, வீட்டில் வைத்து உடலை மட்டும் பார்த்து வயது சொல்ல முடியாது. ஆனால் 'குறைந்தது இத்தனை ஆண்டு' என்று உறுதியாகச் சொல்லப் பல நேரங்களில் முடியும். அந்தக் குறைந்தபட்ச எண், ஊகித்துச் சொன்ன துல்லியமான எண்ணைவிட மதிப்புள்ளது.

முதலில் ஓடு. ஆமையின் ஓடு இரண்டு அடுக்கு. உள்ளே எலும்புத் தட்டுகள். அவை முதுகெலும்போடும் விலாவோடும் ஒன்றிப்போனவை. மேலே நம் நகத்தில் இருப்பது போன்ற கெரட்டின் செதில்கள். தரை ஆமையின் முதுகில் பெரிய செதில்கள் பொதுவாக 13: நடு வரிசையில் 5, பக்கத்துக்கு 4. விளிம்பைச் சுற்றிச் சிறிய செதில்கள். குஞ்சு முட்டையிலிருந்து வரும்போதே இத்தனை செதில்களும் இருக்கும். எண்ணிக்கை பிறகு கூடுவதில்லை, ஒவ்வொன்றும் அகலமாகிறது, அவ்வளவுதான். பிறந்தபோது இருந்த பகுதி செதிலின் நடுவில், சற்றே சொரசொரப்பான சிறு தட்டாக நின்றுவிடும். வளர வளர அதன் அடியில் புதிய, இன்னும் அகலமான கெரட்டின் அடுக்கு சுரக்கிறது. அதன் ஓரம் பழைய அடுக்கைச் சுற்றி வெளியே தெரிகிறது. குளிரோ வறட்சியோ வந்து வளர்ச்சி நின்று, பின் மறுபடி தொடங்கும்போது இடையில் ஒரு பள்ளக்கோடு விழுகிறது. நாம் எண்ணுவது இந்தப் பள்ளத்தைத்தான்.

ஆக, வளையம் காட்டுவது ஆண்டை அல்ல. வளர்ச்சி நின்று தொடங்கியதை. ஆண்டுக்கு ஒரே ஒரு முறை, தவறாமல், எல்லாச் செதிலிலும் வளர்ச்சி நின்றால் மட்டுமே இரண்டும் ஒன்றாகும். கட்டுரையின் மீதி முழுவதும் இந்த ஒரு நிபந்தனையைச் சுற்றித்தான் வருகிறது.

நிபந்தனை நிறைவேறும் இடங்கள் உண்டு. மத்தியதரைக் கடலோரத்து ஆமைகள் குளிர்காலம் முழுக்க மண்ணுக்குள் உறங்கும். வசந்தத்தில் எழுந்து தின்னும். 1979இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் காஸ்தனேயும் ஷேலானும் ஹெர்மன் ஆமை, கிரேக்க ஆமை ஆகிய இரண்டிலும் செதில் வளையங்களையும் எலும்பின் கோடுகளையும் ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அமெரிக்கப் பாலைவன ஆமையில் டேவிட் ஜெர்மானோ 1988இல் செதில் வளையங்களை வைத்து வயதும் வளர்ச்சியும் கணித்தார். பத்து ஆண்டுகள் கழித்து, ஆண்டுக்கு ஒரு வளையம் என்பதற்கான சான்றுகளைப் பரி என்ற ஆய்வாளரோடு சேர்ந்து தொகுத்தார். மேற்கு இந்தியப் பெருங்கடலின் அல்டாப்ரா தீவில் 1970களில் பேராமைகளை ஆராய்ந்தவர்களும், மழைக்காலமும் வறட்காலமும் தெளிவாகப் பிரிந்திருந்ததால், வளையங்களை நம்பிப் பயன்படுத்தினார்கள். இவர்கள் யாரும் அவசரக்காரர்கள் அல்லர். ஒரே ஆமையை ஆண்டுதோறும் பிடித்து, குறியிட்டு, மீண்டும் பிடித்து எண்ணியவர்களின் உழைப்பு அதில் இருக்கிறது.

சிக்கல், அவர்களுக்குப் பின் வந்த ஆய்வுகளில்தான். 2003இல் 'ஹெர்ப்பெட்டாலஜிகா' இதழில் வில்சனும் டிரேசி என்ற பெயருடைய இருவரும் எழுதிய கட்டுரை, வளையம் எண்ணி வயது சொன்ன நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தது. பலர் தாங்கள் எண்ணிய இனத்தில், எண்ணிய இடத்தில் வளையம் ஆண்டுக்கு ஒன்றுதானா என்று சோதிக்கவே இல்லை. முன்னால் எழுதியவரை மேற்கோள் காட்டிவிட்டு எண்ணத் தொடங்கிவிட்டார்கள். சோதித்த இடங்களிலும், இளமையில் சரியாக வந்த கணக்கு பருவமடைந்த பிறகு பிசகியது. ஒரு நல்ல முறை, அதன் எல்லைகளை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சுமந்துகொண்டு பரவுவதற்கு இதைவிடத் தெளிவான உதாரணத்தை நான் படித்ததில்லை. வீட்டு ஆமைக்கு வளையம் எண்ணச் சொல்லும் யோசனை இந்தப் பரவலின் கடைசிக் கண்ணி.

எங்கெங்கே பிசகுகிறது? கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டிய இடம் இது.

நம் பக்கத்து ஆமையையே எடுத்துக்கொள்வோம். நட்சத்திர ஆமை, கட்டாமை என்று ஊருக்கு ஊர் பெயர் பெற்ற இந்த இனம் குஜராத், ராஜஸ்தான் பக்கத்திலும், ஆந்திரத்திலும் தமிழ்நாட்டிலும், இலங்கையின் வறண்ட பகுதிகளிலும் வாழ்கிறது. வடமேற்கில் தென்மேற்குப் பருவமழை ஒன்றுதான். மழைக்குப் பிறகு புல், பிறகு நீண்ட காய்ச்சல். அங்கே ஆண்டுக்கு ஒரு வளையம் விழும் என்று எதிர்பார்க்கலாம். தென்கிழக்கில் கதை வேறு. கோடை மழை கொஞ்சம், தென்மேற்கு கொஞ்சம், வடகிழக்குப் பருவமழை மொத்தமாக. நல்ல ஆண்டில் இரண்டு முறை பசுமை தலைகாட்டும். மழை பொய்த்த ஆண்டில் ஒரு முறையும் இல்லை. இரண்டு முறை தின்று இரண்டு முறை அடங்கிய ஆமையின் ஓட்டில் ஒரே ஆண்டுக்கு இரண்டு பள்ளம் விழக்கூடும்; வறட்சி ஆண்டு ஒன்றும் பதியாமல் போகக்கூடும். ஒரே இனம், இரண்டு ஊர், இரண்டு கணக்கு.

வீட்டில் வளரும் ஆமைக்கு நிலைமை இன்னும் மோசம். ஆண்டு முழுக்கக் கீரையும் வெள்ளரியும் கிடைக்கிறது. குளிர் நாடுகளில் விளக்கு வைத்துச் சூடு கொடுக்கிறார்கள். உறங்க வேண்டிய ஆமை டிசம்பரிலும் தின்றுகொண்டிருக்கிறது. வளர்ச்சி நிற்காததால் சிலவற்றின் ஓடு வளையமே இல்லாமல் அகல அகலமாகப் போகும். இன்னொரு பக்கம், உணவை மாற்றியது, நோய் வந்தது, வீடு மாறியது, சூட்டு விளக்கு பழுதானது என்று ஒவ்வொன்றும் ஒரு பள்ளத்தை விட்டுவிட்டுப் போகும். நான்கு வயது ஆமைக்குப் பத்து வளையம் இருப்பதில் வியப்பில்லை. அதோடு கூம்பு ஓடு என்ற கோளாறு வேறு: ஒவ்வொரு செதிலும் குன்றுபோல் மேலெழும்பி, வளையங்கள் படிக்கட்டாக நிற்கும். இது புரதம் மிகுந்த உணவால் வருவது என்றே நெடுங்காலம் நம்பினார்கள். வியன்னாவில் வீஸ்னரும் இபெனும் ஆப்பிரிக்க சுல்காட்டா ஆமைக் குஞ்சுகளை வெவ்வேறு ஈரப்பதத்திலும் வெவ்வேறு புரத அளவிலும் வளர்த்துப் பார்த்து, காற்றின் வறட்சியே முக்கியக் காரணம் என்று 2003இல் காட்டினார்கள். படிக்கட்டு தெளிவாகத் தெரிவதால் எண்ணுவது சுலபம். ஆனால் எண்ணுவது வறண்ட அறையில் வளர்ந்த வரலாற்றை, வயதை அல்ல. நட்சத்திர ஆமைக்கு இயல்பிலேயே சற்றுக் கூம்பு உண்டு என்பதால் இங்கே குழப்பம் கூடுதல்.

முதிர்ந்த ஆமையில் இரண்டு காரணங்கள் சேர்ந்து கணக்கைக் குலைக்கின்றன. பருவமடைந்த பிறகு வளர்ச்சி மிக மெதுவாகிறது. புதிய வளையங்கள் செதில் விளிம்பில் மயிரிழையாக நெருங்கி, ஒன்றிலிருந்து ஒன்றைப் பிரிக்க முடியாமல் போகும். இன்னொரு பக்கம், நடுவிலிருந்த பழைய வளையங்கள் தேய்கின்றன. கல்லிடுக்கில் நுழைந்து, முள்வேலிக்கடியில் ஊர்ந்து, இணைசேரும் காலத்தில் ஒன்றையொன்று முட்டித் தள்ளி, பல ஆண்டுகளில் ஓடு மழமழப்பாகிவிடும். முதல் ஆண்டின் பதிவே முதலில் அழிவது. இத்தகைய ஓட்டில் பதினைந்து வளையம் தெரிந்தால் அதன் பொருள் 'பதினைந்துக்கு மேல், எவ்வளவு என்று தெரியாது' என்பதே.

மீன் தொட்டிக் கடைகளில் ரூபாய் நாணயம் அளவில் விற்கும் செங்காது ஆமைக்கு இந்த முறை அறவே பொருந்தாது. அந்த நீர் ஆமை தன் செதிலின் மேலடுக்கை மெல்லிய தகடாக உரித்துப் போடும். பதிவும் கூடவே போய்விடும்.

இத்தனைக்குப் பிறகும் எண்ணித்தான் பார்க்க வேண்டும் என்றால், முறையாக எண்ணலாம். பக்கவாட்டில் இரண்டாவது அல்லது மூன்றாவது பெரிய செதிலைத் தேர்ந்துகொள்ள வேண்டும். முதுகு நடுவை விட அங்கே தேய்மானம் குறைவு. ஈரத்துணியால் துடைத்து, விளக்கைப் பக்கவாட்டில் பிடித்தால் பள்ளங்கள் நிழலோடு தெரியும். ஓட்டுக்கு எண்ணெய் தடவிப் பளபளப்பாக்கும் வழக்கம் சில வீடுகளில் இருக்கிறது. அது ஓட்டில் அழுக்கைத்தான் சேர்க்கும், வேண்டாம். நடுவிலுள்ள பிறப்புத் தட்டை விட்டுவிட்டு, செதிலைச் சுற்றி முழுமையாக ஓடும் ஆழமான பள்ளங்களை மட்டும் எண்ண வேண்டும். பாதியில் மறைவதும் மெல்லிய கீறலும் கணக்கில் சேராது. வயிற்று ஓட்டிலும் இரண்டு மூன்று செதில்களில் எண்ணிப் பார்த்து, எண்ணிக்கைகள் ஒத்துவந்தால்தான் அதற்கு மதிப்பு. ஒன்றில் ஏழு, மற்றொன்றில் பன்னிரண்டு என்று வந்தால் ஆமை சொல்ல மறுக்கிறது என்று ஏற்றுக்கொள்வதே நேர்மை.

அடுத்து, அளவு. நீளத்தைப் பார்த்து வயது சொல்வது வளையத்தைவிட ஆபத்தானது. ஆமையின் வளர்ச்சி உணவையும் வெப்பத்தையும் பொறுத்தது. ஒரே முட்டைக் குழியிலிருந்து வந்த இரண்டு குஞ்சுகளை இரண்டு வீட்டில் வளர்த்தால், ஐந்தாம் ஆண்டில் ஒன்று மற்றொன்றைப் போல இரண்டு மடங்கு இருக்கலாம். இப்போது இந்திய நகரங்களில் விரும்பி வளர்க்கப்படும் சுல்காட்டா ஐந்து சென்டிமீட்டர் குஞ்சாக வருகிறது. நன்றாகத் தின்றால் சில ஆண்டுகளிலேயே ஒருவர் தூக்கச் சிரமப்படும். வாங்கியவர்கள் அதை 'முப்பது வயது இருக்கும்' என்று காட்டுவதுண்டு. நட்சத்திர ஆமையில் பெண் ஆணைவிடக் கணிசமாகப் பெரிது. ஒரே அளவுள்ள ஆண் முழு வளர்ச்சி பெற்றதாகவும் பெண் இன்னும் குட்டியாகவும் இருக்கக்கூடும். ஆணின் வால் நீண்டுவிட்டது, வயிற்று ஓடு உள்வாங்கிவிட்டது என்பதைக் கொண்டு 'பருவமடைந்தது' என்று சொல்லலாம். ஆனால் ஆமை பருவமடைவது வயதைவிட உடலளவைப் பொறுத்தது என்பதால் அதுவும் ஆண்டுக் கணக்காக மாறாது. பிரிட்டனில் மத்தியதரை ஆமைகளுக்காகக் கால்நடை மருத்துவர் ஜாக்சன் வகுத்த நீள–எடை விகிதம் பரவலாகப் பயன்படுகிறது. அது குளிர் உறக்கத்துக்கு முன் ஆமை போதிய எடையோடு இருக்கிறதா என்பதைச் சொல்வது. அதை வயது அட்டவணையாகப் படிப்பவர்கள் தவறாகப் படிக்கிறார்கள்.

கிழமாகிவிட்டதை முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாதா? மற்ற விலங்குகளில் முடிகிறது. ஆமையில் ஏன் முடியவில்லை என்பதற்கு 2022இல் 'சயன்ஸ்' இதழில் வெளியான இரண்டு ஆய்வுகள் ஒரு விடை தந்தன. ஒன்று, உயிர்க்காட்சிச் சாலைகளில் வாழும் 52 ஆமை இனங்களின் பதிவுகளை அலசி, அவற்றில் முக்கால்வாசி இனங்களில் மூப்பு மிக மெதுவாக வருகிறது அல்லது ஏறக்குறைய வரவே இல்லை என்று கண்டது. மற்றொன்று காடுகளில் வாழும் ஊர்வன, நீர்நில வாழ்வன பற்றியது. அதிலும் ஆமைகளின் மூப்பு மெதுவானதே. மூப்பு மெதுவென்றால் ஐம்பது வயது ஆமைக்கும் தொண்ணூறு வயது ஆமைக்கும் உடலில் தெரியும் வேறுபாடு சொற்பம். வளைந்த அலகு, சுருங்கிய கழுத்துத் தோல், மங்கிய நிறம் ஆகியவற்றுக்கு வயதைவிட உணவுக் குறையும் வெயில் குறையும் காரணமாக இருப்பதே அதிகம். சுண்ணாம்புச் சத்து குறைந்த ஐந்து வயது ஆமை பார்வைக்குக் கிழமாகத் தெரிவதுண்டு.

உடலுக்குள்ளே போனால்? ஆமையின் மேற்கை எலும்பைக் குறுக்கே மெல்லிய சீவலாக அறுத்து நுண்ணோக்கியில் பார்த்தால் வளர்ச்சி நின்ற கோடுகள் தெரியும். ஓட்டைவிட இது நம்பகமானது. வெளியே தேய்மானம் இல்லை. ஆனால் எலும்பு உள்ளிருந்து கரைந்து புதிதாகக் கட்டப்படுவதால், வயது ஏற ஏற உள்ளேயுள்ள தொடக்க ஆண்டுக் கோடுகள் அழிந்துபோகும். அழிந்தவை எத்தனை என்பதைக் கணக்கிட்டுச் சேர்க்க வேண்டும். முக்கியமாக, செத்த ஆமைக்குத்தான் இந்தச் சோதனை. வளர்ப்பவருக்குப் பயன் இல்லை.

கார்பன் முறை இன்னும் சுவையானது. கொல்கத்தா அலிப்பூர் உயிர்க்காட்சிச் சாலையில் வாழ்ந்து 2006 மார்ச்சில் இறந்த 'அத்வைதா' என்ற அல்டாப்ரா ஆமைக்கு வயது 250க்கு மேல் என்று சொல்லப்பட்டது. ராபர்ட் கிளைவின் தோட்டத்தில் இருந்தது, 1870களில் உயிர்க்காட்சிச் சாலைக்கு வந்தது என்பது அதன் வரலாறு. ஓட்டைக் கார்பன் சோதனைக்கு அனுப்பி வயதை உறுதிசெய்வோம் என்று அன்றைய அறிவிப்புகள் கூறின. ஆனால் கார்பன்-14 முறைக்கு ஒரு பலவீனமான காலம் உண்டு: சுமார் 1650 முதல் 1950 வரை. சூரியச் செயல்பாட்டின் ஏற்ற இறக்கமும், பிறகு நிலக்கரி எரித்த புகையும் காற்றின் கார்பன் விகிதத்தை மேலும் கீழுமாக ஆட்டிவிட்டதால், ஒரே அளவீடு நீண்ட இடைவெளியில் உள்ள வெவ்வேறு ஆண்டுகளுக்குப் பொருந்தும். அத்வைதாவுக்குச் சொல்லப்பட்ட ஆயுளோ பெரும்பாலும் அந்தக் காலத்துக்குள்ளேயே விழுகிறது. மேலும், ஓட்டில் பிறந்த காலத்துக் கெரட்டின் தேய்ந்தும், எலும்பு புதுப்பிக்கப்பட்டும் இருக்கும். உறுதியாகச் சொல்லத்தக்கது அது உயிர்க்காட்சிச் சாலையில் இருந்த காலம்: ஏறக்குறைய 130 ஆண்டு. அதுவே பிரமிக்கத்தக்கது, அதன் மேல் கிளைவின் பெயரை ஏற்றி உயரமாக்க வேண்டியதில்லை.

1950க்குப் பிறகு பிறந்த ஆமைகளுக்குக் கார்பன் நன்றாகப் பேசும். வானில் வெடித்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 திடீரெனக் கூடி, 1960களின் நடுவில் உச்சம் தொட்டு, பிறகு படிப்படியாகக் குறைந்தது. ஹவாய் கடலின் அழுங்காமை ஓடுகளை இந்த அளவுகோலோடு ஒப்பிட்ட 2016ஆம் ஆண்டு ஆய்வு, அவற்றின் செதிலில் ஆண்டுக்குச் சராசரியாக 8 வளர்ச்சிக் கோடுகள், ஆமைக்கு ஆமை 5 முதல் 14 வரை, விழுகின்றன என்று காட்டியது. ஆண்டுக்கு ஒன்று என்று எண்ணியிருந்தால் இளம் ஆமை நூற்றாண்டு கண்டதாகியிருக்கும்! 2023இல் வந்த இன்னொரு ஆய்வு தரை ஆமை, கடலாமை இரண்டிலும் அணுயுகம் பதிந்திருப்பதைக் கண்டது: யூட்டாவில் 1959இல் சேகரித்த பாலைவன ஆமை முதல் அணுகுண்டுச் சோதனை நடந்த எனிவெட்டாக் பவளத்தீவின் பச்சை ஆமை வரை, செதில் அடுக்குகளில் மனிதன் உண்டாக்கிய யுரேனியம். செதில் ஒரு நாட்குறிப்பு என்ற எண்ணம் தவறல்ல. அதைப் படிக்க ஒரு முழு ஆய்வுக்கூடம் வேண்டும் என்பதுதான் இவை சொல்வது.

புதிய நம்பிக்கை டி.என்.ஏ.வில். வயது ஏற ஏற டி.என்.ஏ.வின் குறிப்பிட்ட இடங்களில் மெத்தில் என்ற சிறு வேதிக்குறி கூடுவதும் குறைவதுமாக இருக்கும். பச்சை ஆமைக்கு 2022இல் வெளியான அத்தகைய 'கடிகாரம்', வயது தெரிந்த வளர்ப்பு ஆமைகளின் திசுவைக் கொண்டு சரிபார்க்கப்பட்டது; அதன் பிழை ஏறத்தாழ இரண்டு ஆண்டு. கொல்ல வேண்டியதில்லை, சிறு துணுக்குப் போதும். ஆனால் ஒவ்வொரு இனத்துக்கும் தனியாகச் சரிபார்க்க வேண்டும். மூப்பே மெதுவான உயிரில் இந்தக் குறிகள் எப்படி ஒழுங்காக மாறுகின்றன என்பது இந்தத் துறையின் மிகச் சுவையான கேள்வி என்று நினைக்கிறேன்.

உடலை விட்டு ஆவணத்துக்கு வருவோம். உலகின் புகழ்பெற்ற கிழட்டு ஆமைகளின் வயது எதுவும் ஓட்டைப் பார்த்துச் சொன்னதல்ல; எல்லாமே காகிதமும் புகைப்படமும். செயின்ட் ஹெலினா தீவின் ஜானதன் 1882இல் செஷல்ஸிலிருந்து வந்தது. அப்போதே முழு வளர்ச்சி அடைந்திருந்ததாகப் பதிவு. 1880களின் புகைப்படம் ஒன்றும் அதைக் காட்டுகிறது. முழு வளர்ச்சி என்றால் குறைந்தது 50 வயது என்று எடுத்து, பிறந்த ஆண்டு 1832 என்று வைத்தார்கள். இதில் 1882 கல்வெட்டு, 50 ஊகம். நன்றாகத் தின்ற பேராமை அதற்கு முன்பே முழு அளவை எட்டியிருக்கலாம், அல்லது அது 50ஐ எப்போதோ கடந்தும் இருக்கலாம். இந்த இரண்டையும் பிரித்துச் சொன்னால் ஜானதனின் பெருமை குறையாது.

பிரித்துப் பார்க்காததால் வந்த கதைகளும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2006 ஜூனில் இறந்த கலாபகஸ் ஆமை ஹாரியட்டை டார்வின் 1835இல் கொண்டுவந்தார் என்று சொல்லப்பட்டது. டி.என்.ஏ. சோதனை அதன் இனம் சாந்தா குரூஸ் தீவினது என்று காட்டியது. டார்வின் அந்தத் தீவில் கால்வைக்கவே இல்லை. டோங்கா அரச குடும்பத்து 'தூயி மலிலா'வை 1777இல் கேப்டன் குக் பரிசளித்தார் என்பது இன்னொரு மரபு. அது மடகாஸ்கரில் மட்டுமே வாழும் இனம். குக்கோடு சேர்க்க உறுதியான ஆவணம் இல்லை. 1854இல் போர்ச்சுகீசியக் கப்பலொன்றிலிருந்து பிரிட்டிஷ் கடற்படைத் தளபதி எடுத்து வளர்த்த டிமோதியோ 2004 வரை இங்கிலாந்தில் வாழ்ந்தது. 150 ஆண்டுக்குத் தொடர்ந்த ஆவணம் உண்டு. ஆனால் அது பெண் என்று 1926இல்தான் கண்டார்கள். எழுபது ஆண்டு கூடவே இருந்தவர்களுக்கே பால் தெரியவில்லை! வயது பற்றிய குடும்ப நினைவுகளை எவ்வளவு எச்சரிக்கையோடு கேட்க வேண்டும் என்பதற்கு இது போதும். எனக்கு மிக நம்பகமாகப் படுவது மொரீஷியஸ் ஆமைதான்: பிரெஞ்சு மாலுமி மரியோன் து ஃப்ரேன் 1766இல் செஷல்ஸிலிருந்து கொண்டுவந்த அது, 1918இல் பீரங்கி மேடையில் விழுந்து இறந்தது. 152 ஆண்டு. வந்தபோதே வளர்ந்திருந்ததால் அதற்கு மேலும் உண்டு. எவ்வளவு என்று யாரும் சொல்லத் தேவையில்லை.

வீட்டு ஆமைக்கும் இதே வழிதான் சரி. அந்த ஆமை இருந்ததற்கான மிகப் பழைய உறுதியான சான்று எது? தேதியுள்ள புகைப்படம், வாங்கிய ரசீது, மருத்துவரின் சீட்டு, நுண்சில்லுப் பதிவு, ஏதாவது ஒன்று. அப்போது அது குஞ்சா, வளர்ந்ததா? குஞ்சு என்றால் விடை கிட்டத்தட்டக் கையிலேயே இருக்கிறது. வளர்ந்தது என்றால் அந்தத் தேதியிலிருந்து இன்றுவரையுள்ள ஆண்டுகள் குறைந்தபட்சம். பருவமடைய ஆன காலம் அதற்கு மேல்.

சட்டம்கூட வயதுக்குச் சாட்சி சொல்வதுண்டு. லட்சக்கணக்கான மத்தியதரை ஆமைகள் பிரிட்டனுக்குள் பெட்டி பெட்டியாக இறக்கப்பட்ட காலம் 1984இல் ஐரோப்பியத் தடையோடு முடிந்தது. அதற்கு முன் காட்டிலிருந்து வந்தது என்று உறுதியானால், லண்டனில் ஒரு தோட்டத்திலுள்ள அந்த ஆமைக்கு இன்று நாற்பதுக்குக் குறையாது. வரும்போதே வளர்ந்திருந்தால் ஐம்பது அறுபது. எந்த வளையமும் எண்ணாமல் கிடைத்த உறுதியான எண் இது. இந்தியாவில் அயல்நாட்டு உயிரினம் வைத்திருப்பவர்கள் தாமாகத் தெரிவிக்கலாம் என்று மத்திய அரசு 2020 ஜூனில் அறிவித்தது. அப்போது பதிவான சுல்காட்டாவுக்கு அந்தச் சான்றிதழே பிற்காலத்தில் தொடக்கக் குறிப்பாக நிற்கும். நட்சத்திர ஆமைக்கு அந்த வழி இல்லை. அதை வீட்டில் வைத்திருப்பது குற்றம்; 2022ஆம் ஆண்டின் வனவிலங்குச் சட்டத் திருத்தம் அதை முதல் அட்டவணையில் வைத்திருக்கிறது, சைட்டிஸ் உடன்படிக்கையும் 2019இல் பன்னாட்டு வணிகத்தை மூடிவிட்டது. அப்படியும் சென்னை விமான நிலையத்தில் பெட்டிக்குள் நூற்றுக்கணக்கில் அவை பிடிபடுவது நிற்கவில்லை. ஆமை புகுந்த வீடு உருப்படாது என்று சொன்ன ஊரிலிருந்தே, அதிர்ஷ்டம் என்று வாங்குபவர்களுக்காக அவை போகின்றன.

வயதுக் கேள்வி வெறும் ஆவலுக்கானது அல்ல என்பதை அங்கேதான் பார்க்கிறோம். காட்டில் பிடித்த வளர்ந்த ஆமையை 'பண்ணையில் பிறந்தது, நான்கு வயது' என்று காகிதத்தில் எழுதி விற்கிறார்கள். காட்டு ஆமையின் ஓட்டில் நெருக்கமான வளையம், தேய்ந்த நடுப்பகுதி, பழைய காயம். பண்ணைக் குட்டியின் ஓட்டில் அகலமான புது வளர்ச்சி, தேயாத பிறப்புத் தட்டு. இத்தனை வளையம் இத்தனை வயது என்று சொல்ல முடியாவிட்டாலும், 'இது நான்கு வயது அல்ல' என்று பழகிய கண் சொல்லிவிடும். வளையத்தின் மிகச் சரியான பயன் என்று நான் கருதுவது இதைத்தான். மருத்துவருக்கும் துல்லியமான ஆண்டு தேவையில்லை. வளரும் குட்டியா, முட்டையிடும் பருவமா என்று தெரிந்தால் சுண்ணாம்புச் சத்தையும் தீவனத்தையும் முடிவுசெய்துவிடுவார். வீட்டில் ஆமை வளர்க்கும் வயதானவர்களுக்கு வேறொரு கவலை உண்டு: ஆமை தங்களைத் தாண்டி வாழுமா, யாரிடம் ஒப்படைப்பது. அதற்கு இனத்தின் ஆயுளும் குறைந்தபட்ச வயதுமே போதும்.

ஆண்டுக்கொருமுறை ஒரே மாதத்தில் ஆமையைச் சமதளத்தில் வைத்து, ஓட்டின் முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை நேர்கோட்டு நீளம் அளந்து, எடை பார்த்து, அளவுகோல் பக்கத்தில் தெரியும்படி முதுகையும் வயிற்று ஓட்டையும் படமெடுத்து வைப்பது ஐந்து நிமிட வேலை. வயிற்று ஓட்டின் வடிவங்கள் ஒவ்வொரு ஆமைக்கும் வேறு. பல ஆண்டு கழித்தும் அதே ஆமைதான் என்று அந்தப் படமே நிறுவும். ஒரு இனத்துக்கு டி.என்.ஏ. கடிகாரம் செய்ய முனைபவர் முதலில் தேடுவதும் இப்படிப்பட்ட ஆமையைத்தான்: முட்டையிலிருந்து வெளிவந்த தேதி எழுதி வைக்கப்பட்ட ஒன்றை.